கடல் எங்கும் ஒரே மட்டமா?

பேசினில் ஊற்றிவைத்த தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். கடலும் அப்படித்தான் என்று எண்ணுகிறோம். பிள்ளைகளின் புவியியல் புத்தகத்திலும் "கடல் மட்டம்" என்று ஒற்றைச் சொல்லாகவே இருக்கிறது. ஆனால், பேசின் தண்ணீர் ஓடுவதில்லை. அல்லாஹ் படைத்த கடலோ ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் கடல் சமமாக நிற்பதில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாகக் குடா நீரோட்டம் என்ற வெந்நீரோட்டம் வடக்கு நோக்கிச் செல்கிறது. புளோரிடா அருகே மாத்திரம் வினாடிக்கு ஏறத்தாழ 3 கோடி கன மீற்றர் நீர் அதில் ஓடுகிறது. பூமி சுழல்வதனால், வட அரைக்கோளத்தில் ஓடும் நீர் தன் வலப்பக்கம் ஒதுக்கப்படுகிறது. ஆகவே ஆழ்கடல் பக்கம் நீர் உயர்ந்தும், கரைப்பக்கம் அதைவிடச் சுமார் 1 மீற்றர் தாழ்ந்தும் நிற்கிறது. இது அலையல்ல, நீரோட்டம் ஓடும்வரை நிலைத்திருக்கும் சரிவு. பல கிலோமீற்றர் தூரத்துக்குப் பரந்திருப்பதால் கப்பலில் போகிறவருக்குக்கூடத் தெரியாது. செய்மதிகள் அதை அளந்து காட்டுகின்றன.

அந்த ஓட்டம் தளர்ந்தால் என்னவாகும்? சரிவு குறையும், கரைப்பக்கம் நீர் ஏறும். அதுவும் நடந்தது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் பெருஞ்சுழற்சி சுமார் 30 வீதம் குறைந்தது. நியூயோர்க்குக்கு வடக்கே கரையோரக் கடல் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் உயர்ந்தது. பனி உருகி வந்த நீரல்ல அது. ஓட்டம் தளர்ந்ததும், கூடவே காற்றின் போக்கு மாறியதுமே காரணம். ஒரு சாண்கூட இல்லையே என்று நினைத்துவிடாதீர்கள். புயலும் பெரிய வற்றுப்பெருக்கும் ஒன்றுசேரும் நாளில் அந்த ஐந்து அங்குலம்தான் வாசற்படியைத் தாண்டுகிறது.

நமது இந்து சமுத்திரத்துக்கு வருவோம். 1960கள் முதலான அளவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. வங்காள விரிகுடா, அரபிக் கடல், இலங்கை, சுமாத்திரா, ஜாவா கரைகளில் கடல் உயர்ந்திருந்தது. அதே காலத்தில் சீஷெல்ஸ் பக்கத்திலும், எம்மைப் போல் கடலை நம்பி வாழும் முஸ்லிம்கள் நிறைந்த சன்சிபார் பக்கத்திலும் தாழ்ந்திருந்தது! சமுத்திரம் சூடாக, அதன் மேலே வீசும் காற்றுகள் மாறி, நீரை இடம் மாற்றியிருந்தன.

கடல் ஆண்டுக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல் உயர்கிறது என்று பத்திரிகையில் வாசித்தால், அது உலகச் சராசரி. பேருவளையில் எவ்வளவு, கல்முனையில் எவ்வளவு என்பதை அங்கங்கே நீர்மட்டமானி வைத்து, ஆண்டுக்கணக்கில் அளந்துதான் சொல்ல முடியும்.