கறுப்புக்கண் சூசன்: வித்திலிருந்து பூ வரை



‘காரணம் தருக’ எனும் வினாவிலேயே பலர் புள்ளிகளை இழக்கின்றனர். செய்முறையை மனனம் செய்தவர்கள், ‘ஏன்’ என்று கேட்டதும் நின்றுவிடுகின்றனர். ஒரு பூச்செடியைக் கொண்டு அந்த ‘ஏன்’ என்பதைப் பயில்வோம்.

பட்டிப்பொலயில் என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தி, நுவரெலியா நகரில் ஒரு வித்துப் பைக்கற்று வாங்கினாள். மேலே மஞ்சள் பூவின் படம். நடுவே கருமையான கண். ‘கறுப்புக்கண் சூசன். வறட்சி தாங்கும். வளர்ப்பது இலகு’ என்று ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. லயத்தின் முன்னால் உள்ள சிறு தோட்டத்தில் நட்டாள். இலைகள் செழித்தன. ஏழு மாதமாகியும் ஒரு மொட்டுக்கூட வரவில்லை. “நான் என்ன பிழை செய்தேன், டீச்சர்?” என்று கேட்டாள். நான் கலைப் பட்டதாரி. உடனே விடை கூற முடியவில்லை. இருவருமாகத் தேடிப் படித்தோம். அறிந்தவற்றைக் கீழே தருகின்றேன்.

1. ஒரு பெயர், இரு தாவரங்கள்

கறுப்புக்கண் சூசன் என்பது பொதுப்பெயர். இப்பெயரால் இரு வேறு தாவரங்கள் அழைக்கப்படுகின்றன.

முதலாவது ருட்பெக்கியா ஹிர்ட்டா. இது வட அமெரிக்காவுக்குரியது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த நிமிர்ந்த செடி. நாம் ஒரு பூ எனக் காண்பது உண்மையில் பல சிறுபூக்கள் சேர்ந்த தலையுருப் பூந்துணராகும். சுற்றியுள்ள மஞ்சள் ‘இதழ்’ ஒவ்வொன்றும் ஒரு கதிர்ச் சிறுபூ. அது வித்துத் தராது. நடுவிலுள்ள கரும் கண்ணில் இருக்கும் தட்டுச் சிறுபூக்களே வித்துத் தருகின்றன.

இரண்டாவது துன்பேர்ஜியா அலாட்டா. இது கிழக்கு ஆபிரிக்காவுக்குரிய கொடி. ஆடாதோடை அடங்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் செம்மஞ்சள் பூ தனிப்பூவாகும். அல்லிகள் இணைந்து குழாயாகி, அதன் வாய் கருமையாக இருப்பதால் கண் போலத் தோன்றுகின்றது. மலைநாட்டு வேலிகளில் இக்கொடி படர்ந்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

இக்குழப்பத்தைத் தவிர்க்கவே இருசொற்பெயரீடு பயன்படுகின்றது. தாவரங்களுக்கு இம்முறையைச் சீராகப் பயன்படுத்திய நூலைச் சுவீடன் நாட்டு லினேயஸ் 1753 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ருட்பெக்கியா என்ற சாதிப்பெயர் ருட்பெக் எனும் சுவீடன் தாவரவியலாளர்களின் நினைவாக இடப்பட்டது. துன்பேர்ஜியா என்பது லினேயசின் மாணவரான துன்பேர்க்கின் பெயரால் வந்தது. அவர் 1777 இல் இலங்கைக்கு வந்து தாவரங்களைச் சேகரித்தவர். ஹிர்ட்டா என்றால் ‘மயிருடையது’. அலாட்டா என்றால் ‘சிறகுடையது’. இலைக்காம்பின் இரு ஓரங்களும் சிறகு போல் அகன்றிருப்பதால் கொடிக்கு அப்பெயர்.

நினைவிற் கொள்க: வித்து வாங்கும்போது படத்தைப் பார்க்க வேண்டாம், விஞ்ஞானப் பெயரைப் பாருங்கள்.

மாணவியின் பைக்கற்றில் இருந்தது ருட்பெக்கியா.

2. ருட்பெக்கியா வித்தை முளைக்கச் செய்தல்

வித்து முளைக்க நீர், ஒட்சிசன், உகந்த வெப்பநிலை ஆகிய மூன்றும் அவசியம். ருட்பெக்கியாவின் வித்து மிகச் சிறியது. அது வெளிச்சத்திலேயே நன்கு முளைக்கும். ஆகவே அதனை மண்ணுள் ஆழமாகப் புதைத்தல் கூடாது.

(அ) அடியில் துளையிட்ட யோகட் கோப்பைகளை எடுங்கள். மேல்மண், கூட்டெரு, மணல் ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து நிரப்புங்கள். மணல் சேர்ப்பது நீர் வடியவும் வளி உட்புகவும் ஆகும்.

(ஆ) வித்துகளை மேற்பரப்பில் தூவி விரலால் மெதுவாக அழுத்துங்கள். மேலிருந்து நீர் ஊற்றினால் வித்து அடித்துச் செல்லப்படும். கோப்பையை நீருள்ள தட்டில் வைத்து, மேல்மண் ஈரமானதும் எடுத்துவிடுங்கள்.

(இ) உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ். பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்தில் உள்ளது. இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் இதுவே. இங்கு இரவில் வெப்பநிலை வெகுவாகக் குறையும். எனவே பகலில் யன்னலோரத்திலும் இரவில் அடுப்படிக்கு அருகிலும் கோப்பைகளை வைத்தல் நன்று. ஒன்று முதல் மூன்று வாரங்களில் முளை தோன்றும்.

(ஈ) நாற்றில் நான்கு அல்லது ஐந்து உண்மையான இலைகள் வந்ததும் வன்மைப்படுத்தல் வேண்டும். அதாவது, ஒரு வார காலம் பகலில் சிறிது சிறிதாக வெளிக்காற்றுக்குப் பழக்குதல். பின்னர் 30 முதல் 45 சென்ரிமீற்றர் இடைவெளியில் வெயில் படும் இடத்தில் நடுங்கள். சனவரி, பெப்ரவரி மாதங்களில் உறைபனி விழக்கூடும் என்பதால், சனவரி இறுதியில் வீட்டினுள் விதைத்து மார்ச் மாதத்தில் வெளியே நடுவது பொருத்தமானது.

3. ‘வறட்சி தாங்கும்’ என்பதன் பொருள்

இச்சொற்றொடரை ‘நீர் தேவையில்லை’ எனப் பொருள் கொள்வது பெரும் பிழை. வறட்சியைத் தாங்குவது வேரூன்றிய முதிர்ந்த செடியே ஆகும். அதன் இலையிலும் தண்டிலும் உள்ள மயிர்கள், மேற்பரப்பை ஒட்டி அசையாத வளிப்படை ஒன்றை நிறுத்தி வைக்கின்றன. இதனால் ஆவியுயிர்ப்பு குறைகின்றது. நாற்றுக்கோ வேர் சிறியது. ஒரு நாள் மண் காய்ந்தாலும் வாடிவிடும். நட்ட முதல் வாரங்களில் ஒழுங்காக நீர் ஊற்றல் வேண்டும்.

மேலும், எமது ஊரில் இச்செடிக்கு எதிரி வறட்சியன்று, மழையும் மூடுபனியுமே. நீர் தேங்கினால் மண்ணில் ஒட்சிசன் குறைந்து வேர் அழுகும். நெருக்கமாக நட்டால் இலைகள் காயாமல் பங்கசு நோய் பற்றும். ஆகவே கரட், லீக்ஸ் போன்றவற்றுக்கு உங்கள் வீட்டார் அமைப்பது போல உயர்த்திய பாத்தியும் வடிகாலும் அமைத்தல் வேண்டும்.

4. பூ ஏன் வரவில்லை?

இப்போது மாணவியின் வினாவுக்கு வருவோம். இதற்கு இரு காரணங்கள் உள்ளன.

முதலாவது, ருட்பெக்கியா பெரும்பாலும் இரு வருடத் தாவரமாகவோ குறுகிய காலம் வாழும் பல்லாண்டுத் தாவரமாகவோ வளர்கின்றது. முதல் வருடம் நிலத்தோடு ஒட்டிய இலைக்கொத்தாகவே இருக்கவும் கூடும்.

இரண்டாவது காரணமே முக்கியமானது. ருட்பெக்கியா ஒரு நீள்பகல் தாவரம். பகலின் நீளம் ஒரு குறித்த அளவை மீறினால்தான் பூக்கத் தூண்டப்படும். அவ்வளவு வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடும்; சிலவற்றுக்கு ஏறத்தாழ 14 மணித்தியாலம் வேண்டும். வட அமெரிக்காவில் கோடையில் அத்தகைய நீண்ட பகல் உண்டு. இலங்கையோ மத்திய கோட்டுக்கு அண்மையில் உள்ளது. இங்கு யூன் மாதத்தின் மிக நீண்ட பகலும் ஏறத்தாழ 12 மணி 30 நிமிடமே. செடி நலமாகவே இருக்கின்றது. ஆனால் அது எதிர்பார்க்கும் கோடை இங்கு வருவதில்லை. பைக்கற்றில் ‘இலகு’ என எழுதியவர் தமது நாட்டின் பகலை நினைத்தே எழுதினார். மாணவி எந்தப் பிழையும் செய்யவில்லை.

இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே வயதுடைய இரு செடிகளைச் சட்டிகளில் வளருங்கள். ஒன்றுக்கு மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை ஒரு மின்குமிழின் வெளிச்சம் படச் செய்யுங்கள். மற்றையதை இயற்கையான இருளில் விடுங்கள், அதுவே கட்டுப்பாடு. நீர், மண், பசளை யாவும் இரண்டுக்கும் சமமாக இருத்தல் வேண்டும். சில வாரங்கள் தொடர்ந்து அவதானித்துக் குறித்து வாருங்கள்.

5. கொடிச் சூசனும் எமது பொறுப்பும்

துன்பேர்ஜியா வெப்பமண்டலத்தது. எமது பகல் நீளம் அதற்குப் போதும். அதன் வித்து பெரியது, கடினமானது. ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றி, படர ஒரு கம்போ கயிறோ கொடுத்தால் போதும். உறைபனி மட்டுமே அதற்கு ஆகாது; வறட்சியையும் அது ருட்பெக்கியா அளவுக்குத் தாங்காது.

ஆனால் இலகுவாக வளர்வது இலகுவாகப் பரவும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் ஹவாய்த் தீவுகளிலும் இக்கொடி தோட்டத்தை விட்டு வெளியேறிக் களையாகியுள்ளது. பட்டிப்பொலயில் வாழும் நாம் இதைக் கட்டாயம் எண்ண வேண்டும். ஏனெனில் எமது ஊர் வழியாகவே ஹோட்டன் சமவெளிக்குப் பாதை செல்கின்றது. அது 1988 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கு ஐரோப்பாவுக்குரிய கோர்ஸ் எனும் மஞ்சள் பூ முட்புதர் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரமாகப் பரவியுள்ளது. அதன் காய் வெடித்து வித்துகள் சிதறும். அவை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர்ப்புடன் கிடக்கும். எனவே பிடுங்கினாலும் மீண்டும் முளைக்கின்றது.

ஆதலால் எந்தச் சூசனை வளர்த்தாலும் வாடிய பூக்களைக் காய் முற்றும் முன் வெட்டிவிடுங்கள். விதைக்கத் தேவையான சில வித்துகளை மட்டும் எடுத்து உலர்த்திக் கடதாசி உறையில் வையுங்கள். வெட்டிய கொடியைப் பாதையோரத்திலோ ஓடையிலோ எறிய வேண்டாம். சமவெளிக்குச் செல்லும்போது சப்பாத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுச் செல்லுங்கள்.

மாதிரி வினாக்களும் விடைகளும்

1. ருட்பெக்கியா வித்தை மண்ணால் மூடாமல் விதைப்பதற்குக் காரணம் தருக.
விடை: அவ்வித்து வெளிச்சத்தில் நன்கு முளைப்பதாலும், சிறியதாகையால் ஆழத்திலிருந்து மேலெழச் சேமிப்புணவு போதாமையாலும் ஆகும்.

2. வறட்சி தாங்கும் தாவரமாயினும் அதன் நாற்றுக்கு நீர் ஊற்றுவது ஏன்?
விடை: நாற்றின் வேர்த்தொகுதி விருத்தியடையாததால், ஆவியுயிர்ப்பால் இழக்கும் நீரை ஈடுசெய்ய முடியாது.

3. இலங்கையில் ருட்பெக்கியா இலைகளோடு மட்டும் நிற்கக்கூடும். விளக்குக.
விடை: அது நீள்பகல் தாவரம். மத்திய கோட்டுக்கு அண்மையில் பகல் நீளம் அதன் தேவையை எட்டாதபோது பூத்தல் தூண்டப்படாது.

4. பொதுப்பெயரை மட்டும் பயன்படுத்துவதிலுள்ள குறைபாடு யாது?
விடை: ஒரே பொதுப்பெயர் பல இனங்களைக் குறிக்கலாம். உதாரணம்: கறுப்புக்கண் சூசன்.

விடை எழுதும்போது ‘என்ன செய்தேன்’ என்பதோடு நிறுத்த வேண்டாம். ‘ஏனெனில்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து, வாக்கியத்தை முடியுங்கள். மீதிப் புள்ளி அந்த வாக்கியத்திலேயே இருக்கின்றது.