விழுந்தால் மெதுவாக எழுந்திருப்பார்!

பெயர்தான் அமெரிக்கக் கால்பந்து. ஆனால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடவேண்டும். எதிர்க் கோஷ்டியார் 11 பேரும் பாய்ந்து வந்து அமுக்குவார்கள்.

இந்த ஓட்டத்தில் ஈடு இணை இல்லாதவர் என்று பெயர் வாங்கியவர், ஜிம் பிரவுன். ஜார்ஜியா மாநிலத்தில் 1936-ல் பிறந்த கறுப்பர். 1957-ல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் கோஷ்டியில் சேர்ந்தார்.

9 ஆண்டுகள், 118 பந்தயங்கள். ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை! ஓடிய தூரம் 12,312 கெஜம்.

தந்திரம்

ஒவ்வொரு தடவை விழுந்ததும் கிழவரைப்போல மெல்ல எழுந்திருப்பார். தள்ளாடி நடப்பார். உண்மையிலேயே அடிபட்டாலும் அதே நடைதான். அடிபட்டதா, இல்லையா? எதிரிகளுக்குத் தெரியாது. மறுபடி பந்து கைக்கு வந்ததும் புயலாகப் பாய்வார்!

அபராதமா?

1966-ல் லண்டனில் ஒரு சினிமாவில் நடித்துக்கொண்டு இருந்தார். படப்பிடிப்பு நீண்டுகொண்டே போனது. பயிற்சிக்கு வராவிட்டால் அபராதம் என்றார், கோஷ்டியின் சொந்தக்காரர் ஆர்ட் மோடல்.

பிரவுன் பணியவில்லை. ஆட்டத்தையே விட்டுவிட்டதாக அறிவித்தார். அப்போது வயது 30தான். முந்தின ஆண்டுகூட ஓட்டத்தில் அவரே முதல்வர்!

ஆடுகளத்தில் எடுத்த பெயரை அவர் வீட்டில் எடுக்கவில்லை. மனைவியின் காரை உடைத்த வழக்கில் 2002-ல் சிறைக்குப் போனார். 2023-ல், 87-வது வயதில் காலமானார்.

அவர் ஓடிய தூரத்தை 1984 வரை எவராலும் முந்த முடியவில்லை. அந்த ஆண்டில்தான் சிகாகோ வீரர் வால்டர் பேட்டன் முந்தினார்.