மீட்டர் கணக்கில் ஓர் அறிமுகம்

தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் தங்களைப் போன்றோரைக் கண்டறிய உதவும் கைப்பேசிச் செயலிகளில் மிகவும் அறியப்பட்டது கிரைண்டர். ஜோயல் சிம்காய் 2009 மார்ச்சில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இதைத் தொடங்கினார். ஐபோனில் ஜிபிஎஸ் வசதி வந்து அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. இணை தேடும் இன்னொரு செயலியான டிண்டர் வந்தது 2012-ல்தான்.

செயலியைத் திறந்தால் கட்டம் கட்டமாகப் படங்கள் தெரியும். மிக அருகில் இருப்பவர் முதலில். தூரம் கூடக்கூட மற்றவர்கள் அடுத்தடுத்து. ஒவ்வொருவரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்ற எண்ணும் தெரியும். 18 வயது நிரம்பியவர்களே சேரலாம். இந்தியாவில் பலர் முகம் காட்டுவதில்லை. கடற்கரைப் படமோ வெற்றுக் கட்டமோதான் இருக்கும்.

கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவனுக்கு இது பெரிய ஆறுதல். வகுப்பில் யாரிடமும் கேட்க முடியாத கேள்விக்கு, '400 மீட்டர்' என்ற எண் பதில் சொல்கிறது: இந்த ஊரில் நீ மட்டும் இல்லை.

அதே எண் அவனைக் காட்டிக்கொடுக்கவும் கூடும். வளாகத்துக்குள் சில மீட்டர் தூரம் என்றால், அது எந்த விடுதி என்று ஊகித்துவிடலாம். மூன்று இடங்களில் நின்று ஒருவரது தூரத்தை அளந்து, மூன்று வட்டங்கள் வரைந்தால், அவை வெட்டும் புள்ளியே அவர் இருக்கும் இடம். இந்த ஓட்டையைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2014-லேயே சுட்டிக்காட்டினர். தூரத்தை மறைக்கும் வசதி செயலியிலேயே உண்டு; மாணவர்கள் அதைப் பயன்படுத்துவது நல்லது.

இதைவிடப் பெரிய ஆபத்து மிரட்டல். போலிப் பெயரில் பழகி, தனியிடத்துக்கு வரவழைத்து, அடித்து, வீடியோ எடுத்து, பணம் பறிக்கும் கும்பல்கள் மீது இந்திய நகரங்கள் பலவற்றில் வழக்குகள் பதிவாகியுள்ளன. 'வீட்டுக்குத் தெரிந்துவிடும்' என்ற அச்சமே அவர்களின் மூலதனம். கல்லூரிக் கட்டணத்துக்குப் பெற்றோரை நம்பியிருக்கும் மாணவனிடம் அந்த அச்சம் அதிகம். முதல் சந்திப்பைப் பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் வைத்துக்கொள்வதும், அதற்கு முன் வீடியோ அழைப்பில் முகம் பார்ப்பதும், நம்பிக்கையான நண்பர் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்வதும் அவசியம். முகமும் அந்தரங்கமும் சேர்ந்த படத்தை அனுப்பக் கூடாது.

சட்டம் இன்று மாணவன் பக்கமே நிற்கிறது. ஒரே பாலினத்தைச் சேர்ந்த வயது வந்த இருவர் சம்மதத்துடன் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அதற்காக வழக்குத் தொடுத்தவர்களில் ஐஐடி மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் இருந்தனர். தன்பாலீர்ப்பை 'மாற்றுவதாக'ச் சொல்லும் சிகிச்சைகளைத் தடைசெய்ய, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் ஆணையிட்டார்.

ஆகவே, மிரட்டப்பட்டவர் குற்றவாளி அல்லர். மிரட்டிப் பணம் பறிப்பதே இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவின்படி குற்றம். பணம் கொடுத்தால் மிரட்டல் ஓயாது. உரையாடல்களை அழிக்காமல் சேமித்துவைத்து, இணையப் பண மோசடிக்கான 1930 என்ற எண்ணிலோ காவல் நிலையத்திலோ புகார் செய்ய வேண்டும். மனம் தளர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும். வீட்டிலும் கல்லூரியிலும் அச்சமின்றிப் பேச ஒருவராவது இருந்தால், மிரட்டுபவனின் மூலதனம் அன்றே கரைந்துவிடும். அந்த ஒருவராக இருப்பது பெற்றோர், ஆசிரியர், நண்பர் எல்லோராலும் இயலும்.