ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்பவர்

உடற்கல்விப் பாடவேளைக்கு மணி அடிக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு பக்கம் கபடி, இன்னொரு பக்கம் எறிபந்து. வேப்பமரத்தடியில் மட்டும் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி எல்லாருடைய செருப்புக்கும் காவல். ஒருவன் புள்ளி எழுதுகிறான். "ஏன் விளையாடல?" என்று கேட்டால், "வயிறு வலிக்குதுங்க சார்", "எனக்கு வராதுங்க டீச்சர்", "சும்மாதானுங்க" என்று பதில் வரும்.

இந்தக் காட்சியைப் பார்க்காத ஆசிரியர் நம்மில் யாரும் இல்லை. நம் பதிவேட்டில் இது எப்படி ஏறும்? வருகை 40, விளையாடியவர் 34, விளையாடாதவர் 6. கணக்கு சரிதான். ஆனால் அந்த ஆறு பேர் ஏன் உட்கார்ந்தார்கள் என்பதைப் பதிவேடு சொல்லாது. ஒரே ஆள்தான் வாரந்தோறும் உட்காருகிறாரா, மாறி மாறி உட்காருகிறார்களா என்பதும் அதில் தெரியாது. இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் வழிதான் பண்புசார் ஆய்வு.

அளப்பதும் அறிவதும்

செயல் ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. முன்தேர்வு வைக்கிறோம், பயிற்சி கொடுக்கிறோம், பின்தேர்வு வைத்துச் சராசரியை ஒப்பிடுகிறோம். இது அளவுசார் ஆய்வு. 100 மீட்டர் ஓட்டத்தின் நேரமும் நீளம் தாண்டிய தூரமும் இப்படித்தான் அளக்கப்பட வேண்டும். 'எவ்வளவு', 'எத்தனை பேர்' என்று கேட்கும்போது எண்தான் விடை.

'ஏன்', 'எப்படி', 'அந்தக் குழந்தைக்கு அது என்னவாக இருக்கிறது' என்று கேட்கும்போது எண் போதாது. அப்போது மூன்று வேலைகள் செய்ய வேண்டியிருக்கிறது. நிதானமாகப் பார்க்க வேண்டும், பொறுமையாகக் கேட்க வேண்டும், பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே எழுத வேண்டும். எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தால், அதில் மீண்டும் மீண்டும் வரும் செய்தி கண்ணில் படும். பண்புசார் ஆய்வின் சாரம் இவ்வளவே. களக்குறிப்பு, நேர்காணல், குழு உரையாடல், வாழ்க்கைக் கதை ஆகியவை இதன் கருவிகள்.

சேலத்தில் இருந்த ஒரு முன்னோடி

இந்த வழி வெளிநாட்டிலிருந்துதான் வந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். அந்தக் காலத்தில், 1954இல், அவருடைய 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' நூல் வெளிவந்தது.

அந்த நூலின் அமைப்பைப் பாருங்கள். ஆண்பிள்ளைகள் ஆடுவது, பெண்பிள்ளைகள் ஆடுவது, இருபாலாரும் ஆடுவது என்று ஆட்டங்களை முதலில் பிரிக்கிறார். பகலில் ஆடுவது, இரவில் ஆடுவது என்றும் வகுக்கிறார். ஓர் ஆட்டத்தை எத்தனை பேர் ஆடுவார்கள், என்ன கருவி வேண்டும், எந்த இடத்தில் ஆடுவார்கள், எப்படி ஆடுவார்கள், அது எதிலிருந்து தோன்றியிருக்கலாம் என்று வரிசையாக எழுதுகிறார். ஒரே ஆட்டத்தைப் பாண்டிநாட்டில் ஒரு விதமாகவும் கொங்குநாட்டில் வேறு விதமாகவும் ஆடுவதைக் கவனித்துத் தனித்தனியே குறிக்கிறார்.

ஒரு மொழியறிஞர் கோலியையும் தட்டாங்கல்லையும் இவ்வளவு மதித்துப் பதிந்தது சிறிய செயலன்று. யார் ஆடுகிறார்கள், யாரோடு, எங்கே, எப்போது என்ற அவருடைய கேள்விகள் இன்றும் நமக்குப் பயன்படும். பெண்பிள்ளைகளின் ஆட்டங்களில் எத்தனை உட்கார்ந்தோ ஓரிடத்தில் நின்றோ ஆடுபவை, பையன்களின் ஆட்டங்களில் எத்தனை ஊரைச் சுற்றி ஓடுபவை என்று அந்த நூலை வைத்துக்கொண்டே மாணவர்களை எண்ணச் சொல்லலாம். வகுப்பில் நல்ல விவாதம் நடக்கும்.

1.89 மீட்டருக்குப் பின்னால்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். அளவு நாடா சொல்லும் செய்தி இது.

நாடா சொல்லாத செய்தி வேறு. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி அவருடைய வலதுகால் முழங்காலுக்குக் கீழே சிதைந்தது. அவருடைய தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பள்ளியில் அவருக்கு முதலில் பிடித்தது வாலிபால். அவருடைய திறனைக் கண்டு உயரம் தாண்டச் சொன்னவர் உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில், உடல்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பிடித்தார். பெங்களூருவில் பயிற்சியாளர் சத்யநாராயணாவிடம் பயிற்சி பெற்றது அதன் பிறகு.

இங்கே ஓர் ஆய்வாளர் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும். காலில் காயம்பட்ட பையனை வாலிபால் கோட்டுக்குள் முதலில் சேர்த்துக்கொண்டது யார்? கூட ஆடியவர்கள் என்ன சொன்னார்கள்? 'விழுந்துடுவான்' என்று தடுத்தவர் உண்டா? இவற்றுக்கு விடை பதக்கப் பட்டியலில் கிடைக்காது. அந்த ஊரில், அந்த மைதானத்தில் இருந்தவர்களிடம் உட்கார்ந்து பேசினால்தான் கிடைக்கும்.

இன்னும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இதே போன்ற காலோடு நம் பள்ளிகளுக்கு வந்த எத்தனையோ பிள்ளைகளிடம் நாம் என்ன சொன்னோம்? "நீ உட்காருப்பா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்று அன்போடு சொல்லியிருப்போம். அந்த அன்பே அவர்களை மரத்தடியில் உட்கார வைத்திருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அவர்கள் விளையாட்டில் பங்கேற்பதற்கு வழிசெய்ய வேண்டும் என்கிறது. சட்டம் கதவைத் திறந்து வைக்கும். கதவருகே நின்று நாம் சொல்லும் ஒரு சொல் அதை மூடவும் கூடும். அப்படி மூடுவதை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது. நம் பேச்சை நாமே எழுதிப் படித்தால்தான் தெரியும்.

பெண்பிள்ளைகளும் மைதானமும்

அமெரிக்கச் சமூகவியலாளர் பேரி தார்ன் தொடக்கப் பள்ளிகளின் மைதானங்களில் நீண்ட நாள் நின்று பார்த்தார். அதை 1993இல் நூலாக எழுதினார். மைதானத்தின் பெரும்பகுதி பையன்கள் வசம் இருப்பதையும், பெண்கள் கட்டடத்தை ஒட்டிய சிறு இடத்தில் ஆடுவதையும் அவர் கண்டார். அதோடு நிற்கவில்லை. பள்ளியில் பிரிந்து நிற்கும் அதே பிள்ளைகள் வீட்டுத் தெருவில் சேர்ந்து ஆடுவதையும் குறித்தார். அப்படியானால் பிரிவு பிள்ளைகளின் இயல்பில் மட்டும் இல்லை. இடமும், கூட்டமும், பெரியவர்கள் அணி பிரிக்கும் முறையும் அதை உண்டாக்குகின்றன.

தத்துவ அறிஞர் ஐரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய ஒரு கட்டுரை, பெண்கள் பந்தெறியும் விதத்தை எடுத்துக்கொண்டது. தோள், இடுப்பு, கால் என்று முழு உடலையும் வீசி எறியாமல் கையால் மட்டும் எறிவது ஏன் என்று கேட்டது. உடம்பை ஒடுக்கி, ஒதுங்கி, பார்த்து நட என்று சின்ன வயதிலிருந்து பழக்கியதன் விளைவு அது என்பது அவருடைய வாதம். "எனக்கு வராதுங்க டீச்சர்" என்ற பதிலை இதன் பின் கேட்டால், அது வேறு மாதிரி காதில் விழும்.

நம் ஊரில் எதைக் கேட்பது

சேலம், நாமக்கல் சமவெளியில் வேலைதான் நாளை வகுக்கிறது. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஷிப்டு, நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையும் லாரியும், சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் காடு. அப்பா லாரியில் போய்ப் பல நாள் கழித்து வருகிற வீட்டில் மாலையில் தம்பியைப் பார்த்துக்கொள்வது யார்? பள்ளி முடிந்த பின் பயிற்சிக்கு நிற்க முடியாத பிள்ளையை 'ஆர்வமில்லாதவர்' என்று எழுதிவிட்டோமா? வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, ஆட்டத்தின் விதிகளைச் சொல்லும் நம் தமிழ் புரிகிறதா?

பள்ளிக்கு வெளியே நடக்கும் ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். சின்னப்பம்பட்டியின் த. நடராஜன் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் வளர்ந்தவர். 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரி வரை ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அவரை உருவாக்கிய டென்னிஸ் பந்து எந்தப் பள்ளியின் விளையாட்டுப் பொருள் இருப்புப் பதிவேட்டிலும் முதன்மையாக இருக்காது. பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை என்ன ஆடுகிறார்கள் என்பதும் நமக்குத் தகவல்தான்.

ஒரு நோட்டு, நான்கு வாரம்

இந்த ஆய்வுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம்.

முதல் வாரம் பார்ப்பது. வாரத்தில் இரண்டு பாடவேளை, 15 நிமிடம் மட்டும் ஓரத்தில் நின்று எழுதுங்கள். பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் தோன்றியது. கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு: இடப்பக்கத்தில், 'அணி பிரித்தார்கள். தலைவர்கள் இருவரும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கடைசியில் மூன்று பேர் நின்றார்கள். அவர்களைக் கூப்பிடவில்லை. மூவரும் தாமாக மரத்தடிக்குப் போனார்கள்.' வலப்பக்கத்தில், 'ஆர்வமில்லை என்று நினைத்திருந்தேன். கூப்பிடவே இல்லை போலிருக்கிறது.' 'சோம்பேறி', 'பயந்தவள்' போன்ற சொற்கள் இடப்பக்கத்துக்கு வரக்கூடாது.

இரண்டாம் வாரம் கேட்பது. 'ஏன் விளையாடல?' என்ற கேள்வி குற்றம் சாட்டுவது போலிருக்கும். 'போன வாரம் பி.டி. பீரியடு எப்படிப் போச்சு, முதல்லேர்ந்து சொல்லு' என்று கேளுங்கள். குழந்தை மௌனமானால் உடனே அடுத்த கேள்வியை நுழைக்காதீர்கள். சிறியவர்களாக இருந்தால் மைதானத்தின் படம் வரைந்து, தாம் நிற்கும் இடத்தைக் குறிக்கச் சொல்லலாம். பெண்பிள்ளைகளிடம் ஆசிரியை பேசுவது நல்லது. கழிப்பறை, மாதவிடாய், சீருடை பற்றிய தயக்கங்கள் அப்போதுதான் வெளியே வரும்.

மூன்றாம் வாரம் படிப்பது. எழுதியதை எல்லாம் சேர்த்துப் படித்து, ஒத்த செய்திகளை ஒரே நிறத்தில் அடிக்கோடிடுங்கள். அணி பிரிக்கும் முறை, உடை, கேலி, வீட்டு வேலை, ஆசிரியரின் சொல் என்று நான்கைந்து தலைப்புகள் தாமாகத் திரளும். உங்கள் எண்ணத்துக்கு ஒத்துவராத குறிப்பை ஒதுக்காதீர்கள். பெரும்பாலும் அதில்தான் புதுச் செய்தி இருக்கும். சக ஆசிரியர் ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகளிடமே, 'நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன், சரியா?' என்று கேளுங்கள்.

நான்காம் வாரம் மாற்றுவது. அணியைத் தலைவர்கள் பிரிப்பதற்குப் பதில் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாம். மைதானத்தின் நடுப்பகுதியைக் கிழமை வைத்துப் பகிரலாம். புள்ளி எழுதும் வேலையைச் சுற்றில் விடலாம். மாற்றிய பின் மறுபடி ஓரத்தில் நின்று எழுதுங்கள். இப்போது பதிவேட்டின் எண்ணும் உங்கள் நோட்டும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும்.

எச்சரிக்கை சில

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பெற்றோரின் இசைவு வேண்டும். பேச விரும்பாத குழந்தைக்கு விலகும் உரிமை உண்டு. அதனால் மதிப்பெண்ணோ வாய்ப்போ குறையாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோட்டில் பெயர் எழுதாதீர்கள். ஒரு குழந்தை சொன்னதை ஆசிரியர் அறையில் கதையாக்காதீர்கள். ஆனால் துன்புறுத்தல் பற்றிய செய்தி வெளிவந்தால் அது ஆய்வுக் குறிப்பாக நோட்டில் தங்கக்கூடாது. உடனே தலைமையாசிரியருக்குத் தெரிவிப்பதோடு, 1098 அல்லது 14417 உதவி எண்ணை நாட வேண்டும்.

ஒரு வகுப்பில் கண்டதை மாவட்டம் முழுமைக்கும் பொருத்திப் பேசவும் கூடாது. இந்த ஆய்வின் பலம் பரப்பில் இல்லை, ஆழத்தில் இருக்கிறது. உங்கள் பள்ளியில் நடப்பதை உள்ளபடி எழுதினால், வேறு பள்ளியில் இருக்கும் ஆசிரியர் அதைப் படித்துத் தம் மைதானத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

குறுவட்டப் போட்டிக்கு அணி தேர்ந்தெடுக்கும் நாளில் நம் கண் வேகமாக ஓடுபவர்மேல் இருக்கும். அது தேவைதான். அடுத்த பாடவேளையில் 15 நிமிடம் மட்டும் வேப்பமரத்தடியில் போய் உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தால் மைதானம் எப்படித் தெரிகிறது என்று எழுதுங்கள். அதுவே முதல் களக்குறிப்பு.