மூர் மார்க்கெட்டில் இறங்குகிறவர்களின் சென்ட்ரல்

முகப்பேருக்கென்று ஒரு ரயில் நிலையம் கிடையாது. கொரட்டூருக்கோ பட்டரவாக்கத்துக்கோ போய்த்தான் மின்சார ரயில் பிடிக்க வேண்டும். பக்கத்தில் வில்லிவாக்கத்திலிருந்து அண்ணா நகருக்குப் போட்ட கிளைப்பாதையில் 2003-ல் ஓடத் தொடங்கிய ரயிலும் 2007-ல் நின்றே போய்விட்டது. இருந்தாலும் முகப்பேர், அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர்க்காரர்களுக்கு நகரத்தின் வாசல் சென்ட்ரல்தான். பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வரும் கதாநாயகனைக் காட்ட வேண்டுமென்றால் தமிழ் சினிமா எத்தனையோ முறை அந்தச் சிவப்புக் கட்டடத்தையும் மணிக்கூண்டையும் காட்டியிருக்கிறது. ஆனால் ஆவடியிலிருந்து தினமும் வந்து இறங்குகிறவர் அந்தக் கட்டடத்துக்குள் நுழைவதே இல்லை. அவருடைய ரயில் பக்கத்திலுள்ள மூர் மார்க்கெட் வளாகத்தில் நின்றுவிடுகிறது. சென்ட்ரலின் வரலாற்றையும் கட்டடக்கலையையும் இந்த விலகலிலிருந்து பார்க்கத் தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். அந்த நிலையம் பிறக்கக் காரணமே மேற்கே போகும் பாதை. அந்தப் பாதையோரத்து மக்களுக்கு அதன் கம்பீரத்தில் இன்று பங்கில்லை. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை.

கதை சென்ட்ரலில் தொடங்கவில்லை, ராயபுரத்தில் தொடங்குகிறது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1853-ல் அங்கே வேலையை ஆரம்பித்தது. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு முன்னிலையில் தொடக்க விழா நடந்தது; ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கான ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அதுதான். வியாசர்பாடி, பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை, ஏறக்குறைய 100 கிலோமீட்டர். தொடக்க விழா நாளில் ஆளுநரும் ஐரோப்பியர்களும் ஒரு ரயிலில் போக, பெரும்பாலும் இந்தியர்கள் ஏறிய இன்னொரு ரயில் திருவள்ளூர் வரை போய்வந்தது. இன்றைய திருவள்ளூர் மின்சார ரயிலின் முன்னோடி என்று அதைத் தாராளமாகச் சொல்லலாம். பாதை 1862-க்குள் மேற்குக் கரையிலுள்ள பேப்பூரை எட்டியது. வடமேற்கே பிரிந்த கிளை 1871-ல் ராய்ச்சூரைத் தொட்டு பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. துறைமுகச் சரக்கையும் இத்தனை பயணிகளையும் ராயபுரம் ஒன்றே தாங்க முடியாத நிலையில், 1873-ல் பார்க் டவுனில் இரண்டாவது முனையமாக சென்ட்ரல் எழுந்தது. 1907-க்குப் பிறகுதான் அது முதன்மை நிலையமாயிற்று. அதாவது, பெரம்பூரும் அம்பத்தூரும் ரயிலைப் பார்த்துப் பதினேழு ஆண்டுகள் கழித்துத்தான் சென்ட்ரலே வந்தது.

வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன ஆடம்பரம், அதில் நமக்கென்ன உரிமை என்று சிலர் கேட்பதுண்டு. யார் பணத்தில் கட்டினார்கள் என்று பார்த்தால் விடை கிடைக்கும். அன்றைய ரயில்வே கம்பெனிகள் லண்டனில் முதல் திரட்டின. போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வரை வட்டி உறுதி என்று அரசு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. ரயில் லாபம் ஈட்டாத ஆண்டுகளில் அந்த வட்டியை இந்திய வரிப்பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். நஷ்டம் வந்தாலும் லண்டன் பங்குதாரருக்குக் கவலையில்லை. சுமை இங்கே நிலவரி கட்டிய விவசாயியின் தலையில் விழுந்தது. செங்கல் அறுத்தவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் பாதைக்கு மண் சுமந்தவர்களும் இந்த ஊர் மக்கள்தான். கூலியாகவும் வரியாகவும் நம் முன்னோர் கொடுத்ததால் நின்ற கட்டடம் அது. அதை அந்நியச் சின்னமென்று தள்ளிவைத்தால் நம்முடைய உழைப்பையும் சேர்த்தே தள்ளிவைக்கிறோம்.

கட்டடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சென்ட்ரல் ஒரு முனை நிலையம். தண்டவாளம் இங்கே முடிந்துவிடுகிறது. அதனால் நடைமேடைகளின் தலைமாட்டில், அவற்றுக்குக் குறுக்காகக் கட்டடத்தை நீளமாக நிறுத்த முடிந்தது. முகப்பு பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பார்த்திருக்கிறது. ரயில்கள் முதுகுப்புறத்தில் வந்து நிற்கின்றன. சாலையிலிருந்து நுழைகிறவர் படியேறி இறங்காமல் ஒரே தளத்தில் நடந்து எந்த ரயிலையும் அடையலாம். தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக வருகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேண்டாம். ஜார்ஜ் ஹார்டிங் வரைந்த முதல் வடிவத்தில் நான்கு நடைமேடைகளே இருந்தன. பிறகு ராபர்ட் ஃபெல்லோஸ் சிசோம் அதில் மாற்றங்கள் செய்தார். சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வடிவமைத்தவர் அவர். நான்கு பக்கமும் கடிகாரம் பதித்த 136 அடி மணிக்கூண்டு சேர்ந்து, 1900 வாக்கில் இன்று நாம் பார்க்கும் தோற்றம் வந்தது. சிவப்புச் சுவரில் வெள்ளைக் கோடுகளாக ஓடும் விளிம்புகள், வரிசை வரிசையான வளைவுகள், மூலைகளில் சிறு கோபுரங்கள். கோதிக், ரோமனெஸ்க் பாணிகளின் கலவை என்று நூல்கள் சொல்கின்றன. மணிக்கூண்டு அங்கே அலங்காரத்துக்கு மட்டும் வைத்ததல்ல. கைக்கடிகாரம் பணக்காரர் பொருளாக இருந்த காலத்தில், வண்டிக்கு நேரமிருக்கிறதா என்பதைத் தெருவில் வரும்போதே ஏழைக்கும் சொன்ன ஏற்பாடு அது.

நிலையத்தைச் சுற்றியும் ஒரு பொது உணர்வு வளர்ந்தது. எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார், ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் தங்கச் சத்திரம் கட்டினார். பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால் 1922-ல் இன்றைய தெற்கு ரயில்வேயின் தலைமையகம் எழுந்தது. இந்தப் பக்கத்தில் 1900-ல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. நகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் பெயரைத் தாங்கிய செங்கல் கட்டடம். பழைய புத்தகம், இசைத்தட்டு, பறவைகள், அரும்பொருட்கள் என்று எது வேண்டுமானாலும் தேடிப் போகலாம் என்ற பெயர் பெற்ற சந்தை. ரயில்வே விரிவாக்கத்துக்கு அந்த இடம் தேவை என்ற பேச்சு இருந்த காலத்தில், 1985 மே 30 அன்று அது எரிந்தது. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். சந்தை நின்ற மண்ணில் புறநகர் முனையமும், முன்பதிவு அலுவலகங்களைத் தாங்கிய அடுக்குமாடியும் வந்தன. அதுவரை 1979 முதல் ஓடிய மின்சார ரயில்களும் பழைய கூரையின் கீழேதான் நின்றுவந்தன. அதன் பிறகு வழி பிரிந்துவிட்டது. நெடுந்தூர ரயில்களுக்குப் பழைய நிலையத்தின் 12 நடைமேடைகள், மின்சார ரயில்களுக்குப் பக்கத்தில் 5. நெடுந்தூரப் பயணிகளுக்காக 1998-ல் மேற்குப் பக்கம் கட்டிய இணைப்புக்குப் பழைய முகப்பின் சாயலையே கொடுத்தார்கள். மின்சார ரயில் பயணிக்கோ ஓர் அலுவலக அடுக்குமாடியின் அடிவாரம் வாய்த்தது. டிக்கெட் கவுண்டர், ஒரு நடைபாதை, உடனே நடைமேடை. அண்ணாந்து பார்க்க அங்கே ஒன்றுமில்லை. எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் நினைவாக வெளியே சின்னதாக ஒரு மாதிரி வைத்திருக்கிறார்கள். அதைக் கவனிக்காமலே ஆயிரக்கணக்கானோர் கடந்து போகிறார்கள்.

இதற்கு முதலில் வரும் மறுப்பு எளிமையானது. மின்சார ரயிலில் வருகிறவருக்கு அவசரம். அரை நிமிடத்தில் வெளியேறிவிடுவார். அவருக்கு எதற்கு அழகு? எனக்கு இது தலைகீழான கணக்காகப் படுகிறது. கோவைக்கோ டெல்லிக்கோ போகிறவர் ஆண்டுக்கு ஓரிரு முறை சென்ட்ரலைப் பார்ப்பார். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கோ ஆவடித் தொழிற்சாலைகளுக்கோ வேலைக்குப் போகிறவரும், பாரிமுனைக் கடைகளுக்கும் பொது மருத்துவமனைக்கும் வருகிறவரும், சீசன் டிக்கெட் வாங்கிய கல்லூரி மாணவியும் வாரத்துக்கு ஆறு நாள், ஆண்டுக் கணக்கில் அந்த நிலையத்தை மிதிக்கிறார்கள். வாழ்நாளில் அங்கே அவர்கள் கழிக்கும் நேரமே அதிகம். கட்டடக்கலையின் முதல் வேலை வெளிச்சமும் காற்றும் தெளிவான வழியும் தருவது. கூட்டத்தில் நசுங்கி வருகிறவருக்குத்தான் அவை அதிகம் தேவை.

இரண்டாவது மறுப்பில் நியாயம் உண்டு. இரு வகைக் கூட்டத்தையும் ஒன்றாக விட்டால் காலை எட்டரை மணிக்கு நெரிசல் தாங்காது. பிரித்தது பாதுகாப்புக்காக என்கிறார்கள். நடைமேடைகளைப் பிரித்ததை நானும் குறை சொல்லவில்லை. பிரிக்கும்போது எந்தப் பக்கத்துக்கு எதைக் கொடுத்தார்கள் என்பதே என் கேள்வி. மும்பையில் எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து, 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த சத்ரபதி சிவாஜி நிலையத்திலும் இதே பிரிவினை நடந்தது. ஆனால் அங்கே நெடுந்தூர ரயில்கள் பிற்காலத்தில் கட்டிய பகுதிக்குப் போய்விட்டன. பழைய பகுதியில் லோக்கல் ரயில்கள் நிற்கின்றன. ‘ஸ்டார் சேம்பர்’ எனப்படும், நட்சத்திரங்கள் தீட்டிய விதானமும் பளிங்குத் தூண்களும் கொண்ட மண்டபத்தில் டிக்கெட் கவுண்டர் இருக்கிறது. டோம்பிவிலிக்குப் போகிற தொழிலாளியும் அந்தப் புகழ்பெற்ற கூரையின் கீழ் வரிசையில் நிற்கலாம். அவ்வளவு தூரம் போவானேன்? ஹென்றி இர்வின் வடிவமைத்து, பெங்களூர் சாமிநாத பிள்ளை கட்டி, 1908-ல் திறந்த நம் எழும்பூரில், தாம்பரம் மின்சார ரயில்கள் நெடுந்தூர ரயில்களோடு அதே நிலையத்துக்குள் நிற்கின்றன. தெற்குப் புறநகருக்கு முடிந்தது மேற்குப் புறநகருக்கு மட்டும் முடியாது என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

பாரம்பரியக் கட்டடத்தில் கை வைக்கக் கூடாது என்பது மூன்றாவது. பழைய முகப்பைத் தொட வேண்டிய தேவையே இல்லை. மாற வேண்டியது மூர் மார்க்கெட் வளாகம். நியூயார்க்கில் 1963-ல் பென்சில்வேனியா நிலையத்தை இடிக்கத் தொடங்கி, பயணிகளைத் தரைக்குக் கீழே தாழ்ந்த கூரைகளுக்குள் தள்ளினார்கள். அந்த இழப்பின் அதிர்ச்சியில் 1965-ல் பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எதிரேயிருந்த பழைய அஞ்சல் கட்டடத்துக்குள் வெளிச்சம் நிறைந்த புதிய ரயில் மண்டபத்தைத் திறக்க 2021 ஆயிற்று. நம் நிலைமை அவ்வளவு மோசமில்லை, சென்ட்ரல் நிற்கிறது. மெட்ரோவும் திருமங்கலத்திலிருந்து நேராக வந்து, 2018 முதல் சென்ட்ரலின் அடியில் நிற்கிறது. முகப்பேர்க்காரர்களில் ஒரு பகுதியினருக்கு அது நல்ல மாற்றுவழிதான். ஆனால் பட்டாபிராமிலிருந்தும் வேப்பம்பட்டிலிருந்தும் சில ரூபாய் டிக்கெட்டில் வருகிறவருக்கு மெட்ரோ பதிலாகாது.

கேட்பதும் பெரிதல்ல. மூர் மார்க்கெட் முனையத்தைப் புதுப்பிக்கும்போது உயரமான, வெளிச்சமுள்ள ஒரு மண்டபம். அங்கிருந்து பழைய நிலையத்துக்கும் மெட்ரோவுக்கும் வெயிலும் மழையும் படாத, படியில்லாத அகலமான வழி. சுவரில் 1856 பாதையின் வரைபடமும் எரிந்த சந்தையின் படங்களும், தமிழில் விளக்கத்தோடு. மக்கள் சொன்னால் ரயில்வே கேட்கும் என்பதற்குச் சென்ட்ரலிலேயே சான்று இருக்கிறது. 2005-ல் கட்டடத்துக்கு வெளிர் பழுப்பு வண்ணம் பூசியபோது நகரவாசிகள் எதிர்ப்புக் குரல் எழுப்பி, பழைய செங்கல் சிவப்பைத் திரும்பப் பூச வைத்தார்கள். அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வட்டாரப் பயணிகள் கூடுதல் ரயிலும் கழிப்பறையும் கேட்டுக் கோட்ட மேலாளருக்கு மனு எழுதும்போது, மூர் மார்க்கெட் முனையத்துக்கு ஒரு நல்ல கட்டடம் வேண்டும் என்பதையும் அதில் சேர்த்து எழுத வேண்டும்.