'டக் டக்' சத்தத்திற்குப் பின்னால் ஒரு ரப்பர் துண்டு

ஜெஞ்சாரோமிலிருந்து பந்திங்கிற்கோ கிள்ளானுக்கோ லோரிகளுக்குப் பின்னால் கார் ஓட்டியவர்களுக்கு அந்தச் சாலையின் மேடு பள்ளங்கள் மனப்பாடம். அந்தக் குலுக்கல் நம் முதுகெலும்பு வரை வராமல் இருந்தால் அப்சர்பரையும் சுருள்வில்லையும்தான் பாராட்டுவோம். புஷ் என்ற சின்ன ரப்பர் துண்டை யாரும் நினைப்பதில்லை.

எங்கள் மாமாவிடம் இருப்பது பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. மூன்று கதவு, 1.8 லிட்டர் இயந்திரம். 1996இல் லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் வாங்கிய பிறகு வந்த மாடல் என்பதால், பின்புறம் 'ஹேண்ட்லிங் பை லோட்டஸ்' என்று ஒரு வரி இருக்கும். வளைவில் தரையைக் கவ்விப் பிடிக்கும் கார் என்று மாமா பெருமையடிப்பார். ஆனால் கடந்த ஆண்டு வேகத்தடை மேட்டில் ஏறினாலே முன்பக்கம் 'டக் டக்' என்றது. பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுத்தது. முன் டயர்கள் உள்பக்கமாகத் தேய்ந்தன. ஒரு பட்டறையில் நான்கு அப்சர்பரையும் மாற்றிக் காசு வாங்கிக்கொண்டார்கள். சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. காரை விற்றுவிடலாம் என்றார் மாமா. நான் பல்கலைக்கழகத்திற்குப் போவது அந்தக் காரில்தான்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பொமன் அண்ணன் காரைத் தூக்கி, நீண்ட இரும்புக் கம்பியை லோவர் ஆர்மின் இடுக்கில் கொடுத்து நெம்பினார். ஆர்ம் முன்னும் பின்னும் ஆடியது. "அப்சர்பர் மேல தப்பில்லமா. ரப்பர் கிழிஞ்சு போச்சு, பாரு" என்றார்.

புஷ் என்பது ஒரு சிறிய இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர், அதற்கு வெளியே இன்னொரு இரும்புக் குழாய். ரப்பர் இரண்டோடும் ஒட்டியிருக்கும். உள்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அது சுழலாது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு, மறுபடி பழைய நிலைக்கு வரும். இயந்திரவியல் வகுப்பில் படித்த முறுக்குவிசை இங்கே கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

எங்கள் காரில் ரப்பர் கெட்டதற்கு வயது ஒரு காரணம், எண்ணெய் இன்னொரு காரணம். இயற்கை ரப்பர் திரும்பத் திரும்ப வளைவதை நன்றாகத் தாங்கும். ஆனால் இயந்திர எண்ணெய் பட்டால் ஊறி, உப்பி, மெதுவாகிவிடும். வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் வெடிப்பு விடச் செய்யும். எண்ணெய் கசிந்த பக்கத்துப் புஷ்ஷில் விரல் நகம் இறங்கியது.

மாற்றாக எதைப் போடுவது என்பதில் வீட்டில் ஒரு சின்ன விவாதம். பந்தயப் பிரியர்கள் பாலியூரித்தேன் புஷ் போடுவார்கள். அது கடினமானது, ஸ்டீயரிங் கூர்மையாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பாலானவை ரப்பர்போல் முறுக்காமல் குழாயின் மேல் சுழல்பவை. கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், சாலையின் அதிர்வும் கூடுதலாக உள்ளே வரும். மாமாவுக்கு மஞ்சள் நிறப் பாலியூரித்தேன் மேல் ஆசை. தினமும் ஓட்டுகிற காருக்கு ரப்பரே போதும் என்று நான் வாதாடி வென்றேன்.

பழைய புஷ்ஷை ஹைட்ராலிக் பிரஸ்ஸில்தான் தள்ளி எடுக்க வேண்டும். புதியதை ஏற்றும்போது அழுத்தம் வெளிக்குழாயின் விளிம்பில் விழ வேண்டும், ரப்பரின் மேல் அல்ல. ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம்.

பலர் கோட்டை விடுவது கடைசிக் கட்டத்தில். சக்கரம் காற்றில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் நின்ற நிலையிலேயே முறுக்கிக் கிடக்கும்; சில மாதங்களில் கிழியும். அதனால் அண்ணன் போல்ட்டைத் தளர்வாக விட்டு, காரின் எடை சக்கரத்தின் மேல் இறங்கிய பிறகே டார்க் ரென்ச்சால் இறுக்கினார். அதன்பின் அலைன்மெண்ட்.

கிழிந்த புஷ்ஷை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பாட்டி, "இது நம்ம பாலா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வேலை செய்த தோட்டம் இப்போது செம்பனை. 2014இல் திறந்த பினாங்கு இரண்டாவது பாலத்தையும் நிலநடுக்க அதிர்விலிருந்து காக்க இயற்கை ரப்பர் தாங்கிகளே இருக்கின்றன என்றேன். "பாலத்துக்குமா!" என்றார்.

இப்போது பிரேக் மிதித்தால் கார் நேராக நிற்கிறது. அடுத்த மாதம் வால்வ் கவர் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். எண்ணெய்க் கசிவை விட்டுவைத்தால் புதிய புஷ்ஷும் ஊறிப்போகும்.