அனுமதி அட்டையும் அர்ச்சனைச் சீட்டும்

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் வருகிற கூட்டத்தில் நெற்றி நிறையத் திருநீற்றோடு நிற்பவர்களைக் கண்டு கொழும்பில் யாரும் வியப்பதில்லை. தொலைந்த நகை, கிடைக்காத விசா, தள்ளிப்போகும் கலியாணம் என்று அவரிடம் போகும் மனுக்களுக்கு நடுவே பரீட்சை அனுமதி அட்டைகளும் போகின்றன. கணக்காளர் பரீட்சை எழுதுகிறவர்கள் வருவார்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வந்து, இலங்கை மருத்துவச் சபையின் பதிவுப் பரீட்சைக்காகக் காத்திருக்கிறவர்களும் வருவார்கள். அந்தப் பரீட்சையைப் பழைய ஆட்கள் இன்னமும் ‘அக்ட் 16’ என்றுதான் சொல்வார்கள். அங்கிருந்து எழுந்து போய்ப் பொன்னம்பலவாணேசர் கோயிலில் ஓர் அர்ச்சனையும் செய்துவிட்டே பலர் வீடு திரும்புவார்கள். ஒருவர் கைவிட்டாலும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்பது கொட்டாஞ்சேனைத் தாய்மாரின் கணக்கு. சட்டம் படிக்கிற பிள்ளை உள்ள வீட்டில் இதற்கு மேன்முறையீடு என்று பெயர்.

சட்டப் பரீட்சையைப் பற்றிப் பேச இந்த இடம்தான் பொருத்தம். கொட்டாஞ்சேனையிலிருந்து புதுக்கடைக்கு நடந்தே போகலாம். நீதிமன்றங்களும் 1874இல் தொடங்கிய சட்டக்கல்லூரியும் இருக்கும் அந்த மேட்டுக்கு ஹல்ஸ்டோர்ப் என்ற பெயர், 1656இல் கொழும்பு முற்றுகையின்போது செத்துப்போன ஹுல்ஃப்ட் என்ற ஒல்லாந்துத் தளபதியால் வந்தது. 1757இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த வூல்ஃபெண்டால் தேவாலயமும் பக்கத்திலேயே இருக்கிறது. ரோமன் டச்சுச் சட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டு இந்த வீதிகளில் நடக்கும் பிள்ளைக்கு, அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களின் சுவர்கள் வழித்துணை.

நம்பிக்கையும் குடும்பமும் தொழிற்பரீட்சையும் இந்த ஊரில் எப்போது பின்னிக்கொண்டன என்று தேடினால், ஒரே குடும்பத்தின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. சேர் முத்துக்குமாரசுவாமி 1863இல் இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானார். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் இங்கிலாந்தில் பாரிஸ்டராக ஏற்கப்பட்டது அதுவே முதல் தடவை. அதற்கு முந்தைய ஆண்டு அந்தத் தகுதியைப் பெற்ற வங்காளத்து ஞானேந்திரமோகன் தாகூர், மதம் மாறிய கிறிஸ்தவர். முத்துக்குமாரசுவாமியோ சைவராகவே போனார், சைவராகவே திரும்பினார். தொழில் அனுமதிக்கும் கடவுளுக்கும் இடையே ஒரு வாசற்படி இருந்த காலம் அது. அந்தப் படியைத் தாண்டிய முதல் கால் கொழும்புத் தமிழனுடையது. அதே 1863இல் அவர் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் வெளியிட்டார். வழக்கறிஞரான ஒருவர் பொய்யே சொல்லாதவன் கதையைத் தேர்ந்தெடுத்தது தற்செயலா, குறும்பா தெரியவில்லை.

அவருடைய சகோதரியின் பிள்ளைகள்தாம் பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும். தந்தை பொன்னம்பல முதலியார் கட்டியதே கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில். மூத்தவர் இங்கேயே சட்டம் பயின்று அத்துவக்காத்தாகி, மன்றாடியார் நாயகமாக உயர்ந்தார். இளையவர் கேம்பிரிட்ஜில் படித்து, 1875இல் இலங்கைச் சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை மூலம் நுழைந்த முதல் இலங்கையரானார். தாய்மாமன் முன்னே நடந்து காட்டிய பாதை அது. பிற்பாடு, தகப்பன் கட்டிய கோயிலை இராமநாதன் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். இன்று அர்ச்சனைச் சீட்டோடு அந்தக் கற்றூண்களுக்கு இடையே நிற்கும் எத்தனை பேருக்கு, இதைக் கட்டியவரும் சட்டம் படித்துப் பாஸானவர்தான் என்பது தெரியும்?

ஆனால் அவர்களிடம் பணம் இருந்தது, இலண்டனில் ஆள் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ அட்டனிலிருந்தோ வந்து இறங்கும் இன்றைய பிள்ளைக்கு இருப்பது வெள்ளவத்தையில் ஒரு சித்தி. அல்லது சித்தியின் சிநேகிதி. ஒழுங்கையொன்றுக்குள் ஒரு அனெக்ஸ், அதில் ஓர் அறை, அந்த அறையில் இரண்டு கட்டில். வாடகையைக் கேட்டால் ஊரில் உள்ள தகப்பன் சிறிது நேரம் பேசமாட்டார். பிறகு கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் எண்ணைத் தேடுவார். அந்தத் தொலைபேசிப் பேச்சில் பணத்தோடு ஒரு வாக்கியமும் சேர்ந்தே வரும்: “தம்பி, எங்கட குடும்பத்தில ஒரு லோயர் வேணும்.” படிப்புக்கான கடன் ஒப்பந்தத்தை இவ்வளவு சுருக்கமாக எந்த வங்கியும் எழுதியதில்லை.

சித்தி வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் குறையும். பெறாமகன் படிக்கிறான் என்று கீழ்வீட்டுப் பிள்ளைகளின் கிரிக்கெட் மொட்டைமாடியிலிருந்து வீதிக்கு இறங்கும். அதுவும் போதாதவர்களுக்கு 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. 1942இல் தொடங்கிய சங்கம் தமிழுக்குச் செய்த தொண்டுகளைப் பற்றி மலர்கள் பல வந்திருக்கின்றன. பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு மேசையும் மின்விசிறியும் தந்ததும் அந்தத் தொண்டில் சேரவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த அறைகளுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். கொழும்பில் தங்கியிருக்கத் தகுந்த காரணம் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்குத் தடை விதித்தது. அடிப்படை உரிமை மீறல் மனு என்றால் என்ன என்பதை விரிவுரை மண்டபத்துக்கு வெளியே படித்துக்கொண்ட தலைமுறை அது. அந்தக் காலத்தில் வடக்குப் பிள்ளைக்குக் கொழும்பில் உறவுவீடு என்பது சாப்பாட்டு வசதி மட்டுமன்று. பொலிஸ் பதிவில் பெயர் எழுதிக்கொடுத்து, “இவர் என்ர அக்காவின்ர மகன், சோதனை எழுத வந்தவர்” என்று வாசலில் நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். சோதனைச் சாவடியில் காட்டிய அதே அடையாள அட்டையைத்தான் பரீட்சை மண்டபத்திலும் காட்டவேண்டியிருந்தது.

குடும்பம் பாடத்தையும் சொல்லித்தரும், சில வேளைகளில் விரிவுரையாளரைவிட நன்றாக. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்தைப் புத்தகத்தில் படித்துக் குழம்பும் பிள்ளை, அம்மம்மாவிடம் காணி உறுதியைப் பற்றிக் கேட்டுப் பார்க்கட்டும். முதுசம் எது, சீதனம் எது, தேடிய தேட்டம் எது என்று அவர் விரல்விட்டுப் பிரிப்பார். எந்தத் தம்பி எந்தப் பனங்காணியில் பங்கு கேட்டுக் கோடேறினான், தோற்றபின் எத்தனை வருடம் கதைக்காமல் இருந்தான் என்பது வரை வரும். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற யாழ்ப்பாணத்துத் திசாவை எழுதி, பன்னிரண்டு முதலிமார் சரிபார்த்த சட்டம், முந்நூறு ஆண்டுகள் கழித்து வெள்ளவத்தை அனெக்ஸ் ஒன்றின் வாசலில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறது. இலத்தீன் மொழியில் வரும் முதுமொழிகளுக்குத்தான் அம்மம்மா இல்லை.

இவ்வளவும் நல்ல பக்கம். மற்றப் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் பரீட்சை எழுதியவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலம். பரீட்சை ஒன்பதுக்கு என்றால் பிள்ளை ஏழரைக்கு முன்பே வாசற்படி தாண்டியாக வேண்டும். பிறகு மண்டப வாசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்று, மற்றவர்கள் கேட்கும் கேள்விகளில் தன் மறதியைக் கண்டுபிடிக்க வேண்டும். சனிக்கிழமை இன்னும் மோசம்: இராகு காலமே ஒன்பதுக்குத்தான் தொடங்குகிறது, அதற்குப் பரிகாரம் சொல்ல எந்தச் சாத்திரியாராலும் முடிவதில்லை. பெறுபேறு வருகிற நாளில் மயூரபதி அம்மன் கோயில் வீதியில் சந்திக்கிற முதல் மாமி, “என்ன மாதிரி?” என்று இரண்டே சொல்லில் குறுக்கு விசாரணை செய்வார். கலியாணப் பேச்சும் அந்தப் பெறுபேற்றுக்காகவே காத்துக்கொண்டிருக்கும், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. “பாஸ் பண்ணினால் நல்ல இடம் வரும்” என்றும் சொல்வார்கள், “கூடப் படித்தால் மாப்பிள்ளை கிடையாது” என்றும் அதே வாயால் சொல்வார்கள்.

எல்லாவற்றிலும் பாரமானது நேர்த்திக்கடன். தானே வைத்துக்கொள்ளும் நேர்த்தி பிள்ளைக்கு ஒரு பிடிமானம். தாய் வைக்கும் நேர்த்தி வேறு. மகள் சித்தியடைந்தால் கதிர்காமத்துக்கு நடந்து வருகிறேன் என்று முழங்கால் வாதத்தோடு ஒருத்தி வேண்டிக்கொள்கிறாள். மகள் ஒரு பாடத்தில் தவறினால் மறு தவணை வரை அந்த முழங்கால்களும் அவள் தலையில். சித்தியடைந்தாலோ, நடக்க முடியாத தாயைக் காட்டுவழியே கூட்டிப்போகும் பொறுப்பு. நேர்த்தி வைப்பதற்கு முன்பு பரீட்சை எழுதுகிறவரிடம் ஒரு சொல் கேட்பது தெய்வ குற்றமாகாது என்றே நினைக்கிறேன்.

சாமி புள்ளி போடுவார் என்று நம்புகிற மாணவரை நான் அதிகம் கண்டதில்லை. கேட்டுப் பார்த்தால் அவர்கள் வேண்டுவது மிகச் சிறியது: சோதனை முடியும் வரை அப்பாவுக்கு நெஞ்சு நோவு வரக்கூடாது, இரவில் நித்திரை வரவேண்டும், படித்தது எழுதும்போது நினைவுக்கு வரவேண்டும். கோயிலும் தேவாலயமும் இன்னொன்றும் தருகின்றன. மாதக்கணக்கில் ஒரே அறையில் அடைந்திருப்பவருக்கு வெள்ளிக்கிழமை மாலை என்றோ செவ்வாய்க்கிழமை காலை என்றோ வெளியே போக ஒரு நியாயம் கிடைக்கிறது. அந்த ஒரு மணித்தியாலத்தில் “படிக்கவில்லையா?” என்று யாரும் கேட்க முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த பிறகு, ஜூன் 12இல் கதவுகள் திறக்கும்வரை அந்தச் செவ்வாய்க்கிழமைகள் இல்லாமலே போயின. சோதனை வாசலில் பையைத் திறந்து காட்டி உள்ளே போகும் பழக்கம் மறுபடி வந்தது. ஆனாலும் அட்டைகள் திரும்பி வந்துவிட்டன.

பக்தியைக் கேலி செய்கிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. நிறுவனங்கள் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்ட இடங்களில்தான் குடும்பமும் கோயிலும் வந்து நிற்கின்றன. இடம் இல்லை, சித்தி இடம் தருகிறாள். தமிழில் சட்ட நூல்கள் போதாது, மூத்த மாணவர்களின் நோட்ஸ் கைமாறிக் கைமாறி போட்டோக் கொப்பியில் எழுத்து அழிந்து வருகிறது. இந்த நிலையில்தான் 2020 டிசம்பர் இறுதியில் வந்த ஒரு வர்த்தமானி, சட்டக்கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கு வழி வகுத்தது. தமிழிலும் சிங்களத்திலும் படித்து வந்தவர்கள் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அந்த விதிகளை நிராகரித்தது. ஆங்கிலம் தெரியாமல் சட்டத்தொழிலில் நெடுந்தூரம் போக முடியாது என்பது உண்மைதான். அதைக் கற்பிக்காமல் பரீட்சையில் மட்டும் கேட்பது எந்த நியாயம்? அந்த இடைப்பட்ட இரண்டு வருடங்களில் கோயில்களில் எத்தனை அர்ச்சனைகள் ‘இங்கிலிஷ் வரவேண்டும்’ என்று நடந்தனவோ, ஐயர்மாருக்குத்தான் வெளிச்சம்.

இறுதிப் பரீட்சையில் சித்தியடைந்தாலும் வீட்டுச் செலவு முடிவதில்லை. ஆறு மாதம் ஒரு மூத்த சட்டத்தரணியின் கீழ்ப் பயிலுநராக இருக்கவேண்டும். அந்தக் காலத்துக்குக் கைச்செலவும் பஸ் காசும் பெரும்பாலும் ஊரிலிருந்தே வரும். பிறகு உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். கிறிஸ்தவப் பிள்ளை கடவுள் பேரால் சத்தியம் செய்யும். இந்துக்களும் பௌத்தர்களும் இஸ்லாமியரும் உறுதிமொழி எடுக்க 1895ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. முத்துக்குமாரசுவாமி காலத்து வாசற்படி அவ்வளவு தேய்ந்துவிட்டது. கறுப்பு கோட்டோடு வெளியே வரும் பிள்ளையைப் படம் பிடிக்கச் சித்தி, கனடாப் பெரியப்பா, நேர்த்தி வைத்த தாய் எல்லோரும் புதுக்கடையில் நிற்பார்கள்.

முதல் வழக்கும் அவர்களுடையதுதான். பெரியப்பாவின் வேலிப் பிரச்சினை, சித்தி வீட்டு வாடகைத் தகராறு, அம்மம்மாவின் மரண சாதனம். கட்டணம் என்று வாயெடுத்தால், “உனக்காக எத்தனை செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போனனான் தெரியுமோ” என்பார்கள். அந்த வாதத்துக்கு மறுவாதம் சட்டக்கல்லூரியில் இன்னும் சொல்லிக்கொடுக்கப்படவில்லை.